பழைய மோட்டாரும் புதிய வேலையும்: வீட்டுப் பட்டறைக்கு மின்விசை வந்த கதை



சென்ற ஆண்டு என் படிவம் நான்கு மாணவர்களிடம், "எங்கள் வீட்டில் ஒரு பழம்பொருள்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். பாட்டியின் குத்துவிளக்கு, அம்மாவின் அம்மிக்கல், தாத்தாவின் கைக்கடிகாரம் என்று வழக்கமான பொருள்கள்தாம் வந்தன. ஒரே ஒரு மாணவன் மட்டும் சாணை மெஷினைப் பற்றி எழுதியிருந்தான். அவன் தாத்தா ரப்பர் தோட்டத்து ஆலையில் பிட்டராக வேலை செய்தவர். யாரோ தூக்கிப் போட்ட துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து மோட்டாரைக் கழற்றி, கனமான பலகையில் பொருத்தி, பெல்ட் போட்டுச் சாணைக்கல்லைச் சுழல விட்டிருக்கிறார். அரிவாள், பாராங், மண்வெட்டி எல்லாம் இன்றுவரை அதில்தான் தீட்டுகிறாராம்.

கட்டுரை ஒன்றரைப் பக்கம். ஒற்றுப்பிழைகள் நிறைய. நான் சிவப்பு மையில், "பழம்பொருளுக்கு வரலாற்று மதிப்பு இருக்க வேண்டும்" என்று எழுதிப் புள்ளியைக் குறைத்துவிட்டேன். மறுநாள் அவன் தாளோடு வந்தான். "டீச்சர், எங்க தாத்தா மெஷின்ல வரலாறு இல்லன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

உண்மையைச் சொன்னால், என்னிடம் பதில் இல்லை. மின்மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அறிவியல் பாடநூலில் படித்த நான்கு வரிதான். அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வரலாற்றுக் கட்டுரை எழுதப் பயிலும் மாணவர்களுக்கு இதில் ஒன்றிரண்டு பாடங்களும் உண்டு.

கழற்றிப் பார்த்த கொல்லர்

"மின்மோட்டாரைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால் நம் மாணவர்கள் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் ஃபாரடே அல்லது தெஸ்லா. இரண்டும் முழுப் பதில் ஆகா.

1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பி திசைகாட்டியின் முள்ளை அசைப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டே, 1821இல், இலண்டனில் மைக்கேல் ஃபாரடே பாதரசக் கிண்ணத்தில் நின்ற காந்தத்தைச் சுற்றி ஒரு கம்பியைச் சுழல வைத்துக் காட்டினார். மின்சாரம் சுழற்சியாக மாறும் என்பது உறுதியானது. ஆனால், அந்தக் கம்பியால் ஓர் ஊசியைக்கூடத் தீட்ட முடியாது.

வேலை செய்யும் மோட்டாரைத் தேடியவர்கள் பலர். 1834இல் ஜெர்மானியரான யாக்கோபி ஒன்றைச் செய்தார். 1838இல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்மோட்டாரால் படகு ஓட்டியவரும் இவர்தான். அதே காலத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தாமஸ் டேவன்போர்ட் என்ற கொல்லரும் இந்த முயற்சியில் இறங்கியிருந்தார். நம் கதைக்கு முக்கியமானவர் இவரே.

டேவன்போர்ட் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். 1833இல் பக்கத்து மாநிலத்து இரும்பு ஆலை ஒன்றில், தாதுவைப் பிரிக்கும் வேலைக்கு உதவிய மின்காந்தம் ஒன்றைப் பார்த்தார். ஜோசப் ஹென்றி என்ற அறிவியலாளரின் வடிவமைப்பு அது. பார்த்ததும் வாங்கியே தீர வேண்டும் என்ற ஆசை. கையில் பணமில்லை. தம் சகோதரரின் குதிரையை விற்று வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? அதைப் பிரித்துப் போட்டார். அவர் சுற்றுச் சுற்றாகக் கம்பியை அவிழ்க்க, மனைவி எமிலி குறிப்பெடுத்தார். பிறகு தாங்களே ஒன்றைச் செய்தார்கள். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரம் பாயாமல் தடுக்க எமிலி தம் திருமணப் பட்டாடையைக் கிழித்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

1837 பிப்ரவரியில் டேவன்போர்ட்டின் மோட்டாருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதைக் கொண்டு அவர் துளையிடும் கருவியையும் கடைசல் இயந்திரத்தையும் ஓட்டிக் காட்டினார். பிறகு அச்சு இயந்திரத்தையும் ஓட்டினார். கவனியுங்கள் மாணவர்களே: மின்மோட்டார் தன் குழந்தைப் பருவத்திலேயே செய்த வேலைகளில் ஒன்று, ஒரு கைவினைஞரின் பட்டறைக் கருவியைச் சுழற்றியது. அந்த மோட்டார் பிறந்ததே, வேறொரு வேலைக்காகச் செய்த பொருளைக் கழற்றிப் பார்த்ததால்தான்.

ஆனாலும் டேவன்போர்ட் வெற்றி பெறவில்லை. காரணம் அவருடைய மோட்டார் அன்று, மின்சாரம். அன்றைக்கு மின்சாரம் வேண்டுமென்றால் மின்கலம்தான். மின்கலத்தில் துத்தநாகம் கரைந்துகொண்டே இருக்கும். நிலக்கரியை எரித்து நீராவி இயந்திரம் ஓட்டுவதைவிட அது பல மடங்கு செலவு. 1851இல் அவர் வறுமையில் இறந்தார். ஒரு கண்டுபிடிப்பு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதைத் தாங்கும் சூழலும் வேண்டும் என்பது இங்கே நாம் எழுதக்கூடிய ஒரு வரலாற்றுக் கருத்து.

ஆலையிலிருந்து அடுப்பங்கரைக்கு

மலிவான மின்சாரம் வர இன்னும் ஒரு தலைமுறை ஆனது. 1873இல் வியன்னா கண்காட்சியில், கிராம் என்பவரின் மின்னாக்கிக்கு வேறொரு மின்னாக்கியிலிருந்து மின்சாரம் கொடுத்தபோது அதுவே மோட்டாராகச் சுழன்றது. மின்னாக்கியும் மோட்டாரும் ஒரே பொருளின் இரண்டு முகங்கள் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

1888இல் இத்தாலியின் ஃபெராரிஸும் அமெரிக்காவில் இருந்த தெஸ்லாவும், ஒருவர் ஆய்வுரையாலும் மற்றவர் காப்புரிமையாலும், மாறுமின்னோட்டத்தில் ஓடும் தூண்டல் மோட்டாரை உலகுக்கு அறிவித்தனர். 1889இல் தோலிவோ-தொப்ரோவோல்ஸ்கி அதன் சுழலியைக் கூண்டு வடிவில் எளிமையாக்கினார். 1891இல் லாஃபன் என்ற ஊரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு 175 கிலோமீட்டர் தூரம் மின்சாரம் சென்றது. ஆற்றோரத்தில் பிறக்கும் விசை நகரத்தில் வேலை செய்யும் காலம் தொடங்கிவிட்டது.

அதுவரை ஆலைகளில் ஒரே நீராவி இயந்திரம்தான். கூரைக்கு அடியில் நீண்ட அச்சுத்தண்டு ஓடும். அதிலிருந்து பெல்ட்டுகள் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கும். ஒருவருக்கு வேலை இருந்தாலும் தண்டு முழுதும் சுழல வேண்டும். மோட்டார் வந்த பிறகு மெல்ல மெல்ல ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் என்று ஆனது.

வீட்டிலும் இதே கதை சிறிய அளவில் நடந்தது. தொடக்கத்தில் மோட்டார் விலையுயர்ந்த பொருள். ஆகவே, 1918இல் சியர்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியல் 'வீட்டு மோட்டார்' என்று ஒன்றை விற்றது. ஒரே மோட்டார், அதைத் தையல் இயந்திரத்தில் மாட்டலாம், மாவு கலக்கலாம், விசிறி ஆக்கலாம், கத்தி தீட்டலாம். அதற்குத் தனித்தனி இணைப்புகள் இருந்தன. பின்னர் மோட்டார் மலிவானது. விசிறிக்கு ஒன்று, துணி துவைக்க ஒன்று, குளிர்பெட்டிக்கு ஒன்று என்று வீட்டுக்குள் மோட்டார்கள் பெருகின. 'ஒரு மோட்டார், பல வேலை' என்ற எண்ணத்தை விற்பனைப் பட்டியல் மறந்தது. மக்கள் மறக்கவில்லை.

இயந்திரம் சாகும், மோட்டார் சாகாது

துணி துவைக்கும் இயந்திரம் பழுதாகிறது என்றால் எது பழுதாகிறது? தொட்டி துருப்பிடிக்கும், தண்ணீர் ஒழுகும், பெல்ட் அறும், நேரக் கருவி கெடும். தூண்டல் மோட்டாரில் தேய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சுழலிக்கும் கம்பிச்சுருளுக்கும் இடையே தொடர்பே கிடையாது, காற்றிடைவெளிதான். தேய்வது பேரிங் மட்டுமே. எனவே இயந்திரம் செத்த பிறகும் அதன் மோட்டார் இன்னும் பல ஆண்டு ஓடத் தயாராக இருக்கும்.

இதை முதலில் உணர்ந்தவர்கள் பணமில்லாத கைவினைஞர்கள். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவில் வேலை இழந்தவர்கள் ஏராளம். வீட்டு மேசை நாற்காலியைத் தாங்களே பழுதுபார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. 1902 முதல் வெளிவந்த 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' போன்ற இதழ்கள், கழித்துப்போட்ட மோட்டாரைக் கொண்டு வட்ட ரம்பம், சிறு கடைசல் இயந்திரம், சாணை எல்லாம் செய்வது எப்படி என்று படத்தோடு கற்றுக் கொடுத்தன. கால் குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 186 வாட், உள்ள துணி துவைக்கும் மோட்டார் இதற்கு ஏற்றது. மரம் கடையவும் கத்தி தீட்டவும் அது போதும்.

பெரிய நிறுவனங்களும் இந்த வீட்டுப் பட்டறையைப் பின்னால் வந்து கண்டுகொண்டன. 1917இல் கைத்துப்பாக்கி வடிவத் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்ற பிளாக் அண்ட் டெக்கர், இரண்டாம் உலகப்போர் முடிந்து 1946இல்தான் வீட்டுக்கென்று மலிவான கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் பழைய மோட்டார்களோடு மக்கள் பல ஆண்டு வேலை செய்துவிட்டார்கள்.

நம் மண்ணில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். தம்புசாமிப் பிள்ளையை நமக்கெல்லாம் தெரியும். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில், பத்துமலை என்று கோயில் வரலாற்றில் அவர் பெயரைச் சொல்கிறோம். ஆனால், மலாயாவின் மின்சார வரலாறும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1894இல் ரவாங்கில் அவரும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி அமைத்து, தண்ணீர் இறைக்க மின் பம்புகளைப் பயன்படுத்தினர். மலாயாச் சுரங்கத் தொழிலில் மின் பம்பு வந்தது அப்போதுதான். மின் பம்பு என்றால் உள்ளே மோட்டார்தானே! எத்தனை வகுப்பில் நான் அவரைப் பற்றிப் பேசியிருப்பேன். ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை.

மறு ஆண்டு, 1895இல், கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது. ஆனால் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் வந்த மின்சாரம் தோட்டத்து லயத்துக்கு வரப் பல காலம் ஆயிற்று. 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆனது. 1990இல் தெனாகா நேஷனல் வந்தது. இந்த ஆண்டுகளை நாம் மனப்பாடம் செய்கிறோம். என் அம்மாவைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். அவர் பிறந்த தோட்டத்தில் ஆலை ஜெனரேட்டர் சாயங்காலம் ஓடத் தொடங்கும், இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். விளக்கு அணைந்தால் படுக்க வேண்டியதுதான். அந்த வீடுகளில் மோட்டார் என்ற பேச்சே இல்லை.

ஆகவே தோட்டத்துக்காரர்களுக்கு மோட்டாரை நெருங்கிப் பார்க்கும் இடம் ஆலைதான். அங்கே பிட்டர்கள் கண்ணால் கற்றார்கள், கையால் கற்றார்கள். தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்து, நாள் முழுவதும் மின்சாரம் கிடைத்தபோது, அந்தக் கைவேலையும் கூடவே வந்தது. பசாரில் தேங்காய் துருவும் மெஷினைப் பாருங்கள். பழைய திருகுமணையின் பல்லை ஒரு மோட்டாரின் அச்சில் பொருத்தியதுபோல்தானே இருக்கிறது! கோயம்புத்தூரிலும் இதே சிந்தனைதான். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு அந்த வட்டாரத்தில் மோட்டார்த் தொழில் வளர்ந்தது. 1950களில் அங்கே ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டியதால் வந்ததுதான் இன்று நம் வீடுகளில் இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர்.

பெயர்த்தகடு ஒரு மூலச்சான்று

வரலாற்று மாணவர்களுக்கு மூலச்சான்று என்றால் கல்வெட்டும் ஓலைச்சுவடியும்தான் நினைவுக்கு வரும். ஒரு மோட்டாரின் மேல் ஆணியடித்த சின்னத் தகடும் மூலச்சான்றுதான். என் மாணவன் தாத்தாவின் மோட்டாரில் இருந்த தகட்டைப் படம் பிடித்து வந்தான். அதில் இருந்தவை: கால் குதிரைத்திறன், 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1425 சுழற்சி.

இதை எப்படிப் படிப்பது? 120ஐ ஹெர்ட்ஸ் எண்ணால் பெருக்கி, காந்த முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சுழலும் காந்தப்புலத்தின் வேகம் கிடைக்கும். நான்கு முனை என்றால் 120 × 50 ÷ 4 = 1500. சுழலி அதைவிடச் சற்றுப் பின்தங்கியே ஓடும். அதனால் நிமிடத்துக்கு 1425. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே அதே வகை மோட்டாரின் தகட்டில் 1725 என்றுதான் இருக்கும். ஆக, இந்த மோட்டார் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்காகச் செய்யப்பட்டது என்று தகடே சாட்சி சொல்கிறது.

இன்னொரு சான்று அவர் மாட்டியிருந்த கப்பிகள். மோட்டாரில் 2 அங்குலக் கப்பி, சாணைக்கல் தண்டில் 4 அங்குலக் கப்பி. வேகம் பாதியாகி ஏறக்குறைய 712 ஆகிறது. கல் வேகமாகச் சுழன்றால் கத்தியின் விளிம்பு சூடேறி நீலநிறமாகும். எஃகின் பதம் போய்விடும். மெதுவாகச் சுழன்றால் பதம் நிற்கும். எந்தப் புத்தகத்திலும் அவர் இதைப் படிக்கவில்லை. தகட்டில் இருந்த ஆங்கிலத்தையும் அவரால் வாசிக்க முடியாது.

ஏன் இப்போது பேச வேண்டும்?

இன்றைய துணி துவைக்கும் இயந்திரங்கள் பலவற்றில் அந்தப் பழைய மோட்டார் இல்லை. சிலவற்றில் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார்; சுமையில்லாமல் ஓட விட்டால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் எகிறும். அதில் சாணைக்கல்லை நேரடியாக மாட்டினால் கல் வெடித்துச் சிதறும். சிலவற்றில் மின்னணுப் பலகை இல்லாமல் அசையாத மோட்டார். அதற்கும் வழி கண்டவர்கள் உண்டு. 1991இல் நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பைக்கல் நிறுவனம் பெல்ட் இல்லாத 'ஸ்மார்ட் டிரைவ்' இயந்திரத்தை வெளியிட்டது. பழுதான அந்த இயந்திரங்களின் மோட்டாரைக் கழற்றி, அந்நாட்டு மக்கள் ஓடைத்தண்ணீரிலும் காற்றிலும் சுழலவிட்டு வீட்டுக்கு மின்சாரம் எடுத்தார்கள். 1873இல் வியன்னாவில் கண்ட உண்மையையே அவர்கள் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள்.

மறுபக்கம், 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது என்கிறது ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது கால் பங்குக்கும் குறைவு. பழைய இரும்பு லோரி வந்தால் நாம் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அதற்குள் ஓடக்கூடிய மோட்டார் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மாணவர்களே, ஓர் எச்சரிக்கை. இது வரலாற்றுக் கட்டுரை. செய்முறைக் குறிப்பு அன்று. 240 வோல்ட் விளையாட்டில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். நிலக்கம்பி இணைக்காத மோட்டார் உறையைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. பெல்ட்டுக்கு மூடி போடாமல் ஓட்டியதில்தான் அந்தத் தாத்தாவின் இடக்கை மோதிர விரலில் ஒரு கணு போயிற்று. அதற்குப் பிறகுதான் பால்டின்னை வெட்டி மூடி செய்தாராம். அதுவும் இந்த வரலாற்றில் ஒரு பகுதிதான், மறைக்க வேண்டியதில்லை.

அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். நான் கேட்டது பழம்பொருள். அவன் கொண்டுவந்தது பழையதுதான், ஆனால் இன்னும் வேலை செய்கிறது. ஓய்ந்துபோன பொருளில்தான் வரலாறு இருக்கும் என்று நானாக ஒரு முடிவு வைத்திருந்தேன். தப்பு என்னுடையது. புள்ளியைத் திருத்தி, மீண்டும் எழுதித் தரச் சொன்னேன். இந்த முறை தாத்தாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினான்: மோட்டார் எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள், எந்த ஆண்டு, முதலில் என்ன தீட்டினார். நான்கரைப் பக்கம். ஒற்றுப்பிழை இன்னும் இருக்கிறது, அதைத் திருத்திக்கொள்ளலாம். தாத்தாவுக்கு எண்பத்தோரு வயது. கேட்காமல் விட்டிருந்தால் அதைத் திருத்தவே முடியாது.

பயிற்சிக்குச் சில வினாக்கள்

1. டேவன்போர்ட்டின் மோட்டார் நன்றாக இயங்கியும் அவர் ஏன் வெற்றி பெறவில்லை? இரண்டு காரணங்களைச் சான்றுடன் விளக்குக.

2. "ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரே தந்தை இருப்பதில்லை." மின்மோட்டாரின் வரலாற்றைக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.

3. தம்புசாமிப் பிள்ளையின் பணிகளுள் 1894ஆம் ஆண்டு ரவாங் நிகழ்வுக்கு நீங்கள் கொடுக்கும் இடம் என்ன? ஏன்?

4. உங்கள் வீட்டில் வேறொரு பொருளிலிருந்து கழற்றிச் செய்த கருவி ஏதேனும் உண்டா? செய்தவரிடம் கேட்டு, 200 சொற்களில் அதன் வரலாற்றை எழுதுக. அவர் சொன்ன சொற்களையே முடிந்தவரை பயன்படுத்துக.

ஆசிரியர்களே, நான்காவது வினாவைத் திருத்தும்போது சிவப்புப் பேனாவை எடுக்க அவசரப்பட வேண்டாம்.